டயர் அளவு மாத்தப் போறீங்களா?

எங்க கார்ல இருக்கிறது 185/65 ஆர்15. தேய்ஞ்சாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் அகலமா போடணும்னு வீட்ல எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான்.

185 அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கிறது பக்கச்சுவரோட உயரம், ஆனா அது அந்த அகலத்துல 65 சதவீதம். அதனால அகலத்தைக் கூட்டினா உயரமும் சேர்ந்தே கூடும். பலர் இதைக் கவனிக்கிறதில்ல. ஆர்15ல 15ங்கிறது டயர் உட்காருற ரிம்மோட விட்டம், அங்குலத்துல. இப்ப இருக்கிற டயரோட மொத்த விட்டம் 621.5 மி.மீ. 195/65 போட்டா 634.5, அதாவது 2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைச்சுக் காட்டும். 195/60 போட்டா 615, வித்தியாசம் 1 சதவீதம்தான். நான் இதைத்தான் போடப் போறேன். பக்கச்சுவர் 3 மி.மீ. குறையும், பள்ளத்துல குலுக்கல் கொஞ்சம் கூடுதலா தெரியும், பரவாயில்ல.

பிரேக் பிடி கொஞ்சம் நல்லா இருக்கலாம், மைலேஜ் லேசா குறையலாம்.

எனக்கு முக்கியம் லோடு இன்டெக்ஸ். 88னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84னா 500தான். குழந்தைங்க, பெரியவங்க, பெட்டி எல்லாம் ஏத்திட்டுப் போற வண்டிக்கு இந்த எண் பழசை விடக் குறையவே கூடாது. பார்க்க அழகா இருக்குன்னு இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, ப்ளீஸ்.

மாட்டினதும் ஆளுங்களை உட்கார வச்சு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, எங்கயாவது உரசுதான்னு பாருங்க. ஸ்டெப்னி பழைய அளவுலயே இருந்தா, அவசரத்துக்கு மட்டும் மெதுவா ஓட்டுங்க.