அதிக வரி, குறைந்த பள்ளி
டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ பகுதியில் அமைந்த எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்னும் இரு பள்ளி மாவட்டங்களின் (சொத்து வரி திரட்டிப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்) 1967-68ஆம் ஆண்டுக் கணக்கை, பள்ளி நிதி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

எட்ஜ்வுட்டின் ஏறத்தாழ 22,000 மாணவர்களில் 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வம்சாவளியினர். அங்குள்ளோர் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டியும், வீடுகளின் மதிப்பே குறைவு என்பதால், ஒரு மாணவருக்கு உள்ளூரில் திரண்டது வெறும் 26 டாலர். சுமார் 5,000 மாணவர்களே படித்த அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் வரிக்கே 333 டாலர் கிடைத்தது. இதைச் சமன்செய்ய வேண்டிய மாநில அரசோ முன்னதற்கு 222 டாலரும், வசதியான பின்னதற்கு 225 டாலரும் கொடுத்தது (ஆம், மூன்று டாலர் கூடுதலாக!). கூட்டாட்சி அரசின் உதவியையும் சேர்த்தால் மொத்தம் 356க்கு எதிராக 594. போதிய தகுதிச் சான்றின்றித் தற்காலிக அனுமதியில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் எட்ஜ்வுட்டில்தான் மிகுதி.

1968இல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கல்வி, அமெரிக்க அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தக் காரணத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மாநில அரசியலமைப்பின்படி இந்நிதி முறை செல்லாது என ஒருமனதாகக் கூறியது; 1993 முதல் செல்வ மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கு ஏழை மாவட்டங்களுக்குப் போகிறது.