மீட்டரில் குறைந்த ஐம்பத்து நாலாயிரம்

2024 ஜூன் 8, சனி

காலையில் பெற்றோல் அடித்தபோது காரின் மீட்டரில் 142,680 கிலோமீற்றர் இருந்ததை வழக்கம்போலக் கொப்பியில் எழுதினேன். மாலையில், திருகோணமலை உவர்மலை வீட்டு முற்றத்தில், மருமகன் தன் புளூடூத் கருவியை ஸ்டீயரிங்கின் கீழுள்ள பதினாறு முனைச் சொருகியில் பொருத்தி, சாவியைத் திருப்பும்போது மீட்டர் முட்கள் முழுவட்டம் போய்த் திரும்பும்படி கோடிங் செய்தான், அதாவது காரின் கணினியில் அமைப்பை மாற்றினான். முட்கள் அழகாகவே சுழன்றன. ஆனால் ஓடிய தூரம் 88,657 என்று நின்றது.

"மாமா, தூரத்தில் நான் கையே வைக்கவில்லை" என்றான். அதை நான் நம்பினேன். ஆயினும், 54,023 குறைந்த மீட்டருடன் இந்தக் காரை விற்க நேர்ந்தால், வாங்குபவரும் என்னை அப்படியே நம்புவார் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்ற எண்ணம் நெஞ்சை அழுத்தியது. இரவு உறக்கம் வராமல் எழுந்து பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்தேன். 1.609 வந்தது. அது ஒரு மைலுக்குரிய கிலோமீற்றர்.

2024 ஜூன் 9, ஞாயிறு

வகுத்தல் பொருந்தியதால் மட்டும் மனம் ஆறவில்லை. பதிவான மொத்தமே மாற்றி எழுதப்பட்டிருந்தால், இனி ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் மீட்டர் ஒன்றாகவே கூடவேண்டும். காட்டும் அலகு மட்டும் மைலாகியிருந்தால் பத்துக் கிலோமீற்றருக்கு ஆறேகால் அளவே கூடவேண்டும். கச்சான் காற்று கிளம்புமுன் கந்தளாய் வீதியில் புறப்பட்டு, ஒரு கிலோமீற்றர் கட்டையின் அருகே பயணமானியைப் பூச்சியமாக்கி, பத்துக் கட்டைகள் தாண்டி நிறுத்தினேன். 6.2 காட்டியது. வீதியோரத்தில் நின்று அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்பதால் மைலில் காட்டும் வசதி அதற்குள் இருந்திருக்கிறது. போய்வந்த தூரம் 28.6 மைல், அதாவது 46 கிலோமீற்றர்.

2024 ஜூன் 12, புதன்

கராஜுக்குப் போய்வந்தேன், 5 கிலோமீற்றர். அங்கு வேறொரு கருவியைப் பொருத்திய இளைஞர், எஞ்சின் கணினி 65,535 கிலோமீற்றர் என்று சொல்வதாகவும், ஆகவே மீட்டர் முன்பே திருத்தப்பட்டிருக்கிறது என்றும் தீர்ப்புக் கூறிவிட்டார். அவரைத் திரையை முழுமையாக வாசிக்கச் சொன்னேன். அது காரின் மொத்த ஓட்டம் அன்று. கோளாறுகளைக் குறித்துக் கணினி பதிந்துவைக்கும் பிழைக்குறிகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம். பதினாறு பிற்றுகளில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் பதினாறு இடங்களில், எழுதப்படும் அந்த எண்ணால் 65,535ஐத் தாண்ட முடியாது. அந்த எல்லையை எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். பிழைக்குறிகளை அழித்தால் பூச்சியமாகிவிடும் இத்தகைய எண்ணை வைத்து ஒருவரின் நாணயத்தைச் சந்தேகிப்பது பெரும் அநீதி. அவர் மறுக்காமல் கேட்டுக்கொண்டது ஆறுதலாக இருந்தது.

2024 ஜூன் 15, சனி

மருமகன் வந்து, மீட்டர் கணினியின் கோடிங் வரியை இம்முறை முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டான். அந்த நீண்ட வரியின் ஒவ்வோர் இரண்டு எழுத்தும் எட்டு ஆளிகளை (சுவிட்சுகளை) குறிக்கின்றன. அன்று முட்களுக்கான ஆளியைப் போட்டபோது பக்கத்திலிருந்த அலகின் ஆளியும் சேர்ந்து மாறிவிட்டது. கருவி அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. அது எனக்கு இன்னும் மனவருத்தமே. அந்த ஒன்றை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பிச் சாவியை அணைத்துப் போட்டோம்.

கொப்பிக் கணக்கின்படி 142,680உடன் 46ஐயும் 5ஐயும் கூட்டினால் 142,731 வரவேண்டும். மீட்டர் 142,731 காட்டியது. திகதியோடு எழுதி, மருமகனையும் பக்கத்தில் கையொப்பமிடச் செய்தேன்.