இன்ஹேலர் மாத்திரைக் கணக்கில் வராதா?

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி. பதினொரு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தவன், இரண்டு மணி வரை நடையாய் நடந்தேன். சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு சட்டியைக் கவிழ்த்த மாதிரி கெட்டியாக நின்றது. வலியில் மூச்சு வேறு இரைத்தது. மகன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

எனக்கு 67 வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். பீடியும் கூடவே ஓடியது. நுரையீரலில் சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இரைக்கும் நோய் என்று சொல்லி, டியோட்ரோபியம் என்ற இன்ஹேலர் மருந்து கொடுத்திருந்தார்கள். 18 மைக்ரோகிராம் காப்ஸ்யூல்; கருவியில் போட்டுக் குத்தி, தினம் ஒரு வேளை உறிஞ்ச வேண்டும். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாடி ஏறும்போது இரைப்பு குறைந்தது நிஜம். ஆனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். சிறுநீர் விட்டுவிட்டு வந்ததையும் அதே சூட்டின் தலையில் கட்டினேன். நடுவில் சளி பிடித்தது. பக்கத்து கிளினிக்கில் இரண்டு நாள் நெபுலைசர் வைத்தார்கள், மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?" என்றார். "பிரஷர் மாத்திரை ஒண்ணுதான்" என்றேன். பொய் சொல்லவில்லை. இன்ஹேலரை யார் சாப்பிடுகிறார்கள்?

டியூப் போட்டதும் 1,100 மில்லி இறங்கியது. அந்த சுகத்தைச் சொல்லி மாளாது. ஆனால் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 2.4-க்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் நீர் தேங்கி வீங்கியிருந்தன; சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் பெரிதாக இருந்தது.

காலையில் வந்த சிறுநீரக அறுவை டாக்டர், வீட்டு மருந்தையெல்லாம் கொட்டச் சொன்னார். என் மனைவி பையைக் கவிழ்த்தாள். இன்ஹேலர் உருண்டது. அதைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

மூச்சுக்குழாயை இறுக்கும் நரம்புச் சமிக்ஞையை இந்த மருந்து தடுக்கிறது. சிறுநீர்ப்பையை அழுத்திச் சுருங்க வைப்பதும் அதே வகைச் சமிக்ஞைதான். புராஸ்டேட் வழியை நெருக்க, தள்ளுகிற தசையும் தளர்ந்துவிட்டது. நெபுலைசரில் கலந்திருந்த இப்ராட்ரோபியம் அதன் பங்காளி. சளி மாத்திரையின் குளோர்பெனிரமினுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டாம். இதில் இன்னொரு சிக்கல்: டியோட்ரோபியம் உடம்பை விட்டுப் போவதே பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீரகம் சுணங்கினால் மருந்தும் தங்கிவிடும்.

கனடாவின் ஒன்டாரியோவில் சி.ஓ.பி.டி. உள்ள முதியவர்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறதாம். இந்த வகை இன்ஹேலரைப் புதிதாகத் தொடங்கிய ஆண்களுக்குத்தான் சிறுநீர் அடைப்பு அதிகமாம். எனக்காகவே எழுதினது போல!

"நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவரே நுரையீரல் டாக்டருக்குப் போன் போட்டார். டியோட்ரோபியம் போய், காலையும் மாலையும் உறிஞ்ச ‘ஃபார்மோட்டரால்’ என்ற வேறு வகை இன்ஹேலர் வந்தது. கை லேசாக நடுங்குகிறது, அவ்வளவுதான். சிறுநீர் வழியைத் தளர்த்த, இரவில் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம்.

ஐந்தாம் நாள் டியூபை எடுத்தார்கள். மதியமே மறுபடி அடைத்து, மறுபடி டியூப். அப்புறம் இரண்டு வாரம், லுங்கிக்குள் பையோடு வாழ்ந்தேன். பேத்தி "தாத்தா, உங்க ஜூஸ் பை" என்பாள். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

இரண்டாம் தடவை காலை ஆறு மணிக்கு எடுத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பத்தரைக்கு அளவு ஜாடியில் 220 மில்லி. ஸ்கேனில் பார்த்தால் சிறுநீர்ப்பையில் மிச்சம் 60 மில்லிதான். "தாத்தா பாஸ்" என்று எழுதிக்கொண்டாள் நர்ஸ் பெண்.

ஒரு மாதத்தில் கிரியாட்டினின் 1.3-க்கு வந்தது. இன்ஹேலர் இப்போது பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. மாடி ஏற மட்டும் நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் நுரையீரல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.