தலைக்கு மேலே வந்துபோன வெடிப்பு

உயர்தரப் பௌதிகவியலில் காமாக் கதிர் என்றால் அரை ஆயுட்காலம், ஈயத் தகடு, நாலு கணக்கு. அதோடு சரி. வன்னியில், மாங்குளத்தில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத் தாண்டி ஒன்று சொல்ல நினைத்தால் 2022 ஒக்டோபர் 9ஆம் திகதியைத்தான் எடுப்பேன்.

அன்று போயா. எங்கள் நேரம் பின்னேரம் 6.47க்கு நாசாவின் பேர்மி விண்வெளித் தொலைநோக்கி வந்து குவிந்த காமாக் கதிரை எண்ண முடியாமல் திணறியது. இதுவரை பதிவானவற்றிலேயே பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு அது. 10,000 வருஷத்துக்கு ஒருக்கால்தான் இப்படி வரும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அது வந்த திசையை எடுத்து நானும் கணக்குப் பார்த்தேன். அந்த நேரம் வன்னியில் நின்றவனுக்கு அது உச்சியிலிருந்து 15 பாகைக்குள்! முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் தெரிந்திராது. வளிமண்டலம் காமாவை நிலத்துக்கு விடாது. ஆனால் மேலே அயனமண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட மேலடுக்கு, கலங்கியது பதிவாகியிருக்கிறது. 190 கோடி வருஷம் பயணப்பட்டு வந்த கதிர் செய்த வேலை.

ஸ்விப்ட் என்ற மற்றத் தொலைநோக்கி ஒரு மணித்தியாலம் அளவு பிந்தித்தான் பின்னொளியை, வெடிப்புக்குப் பிறகு மிஞ்சி மங்குகிற ஒளியை, கண்டது. அப்பவும் அது அவ்வளவு வெளிச்சம். அதனால் எங்கள் பால்வீதிக்குள் இருக்கிற ஏதோ ஒன்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது எங்கோ தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் இடிந்து விழுந்தபோது பீறிட்ட தாரை, எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இந்த வெடிப்புகளை முதலில் பிடித்தவை வானியலுக்கென்று அனுப்பியவை அல்ல. 1963 ஒப்பந்தத்தை மீறி யாரும் அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா விட்ட வேலா செய்மதிகள் 1967இல் பிடித்தன. 1973இல்தான் வெளியே சொன்னார்கள். மேலேயிருந்து வேவு பார்ப்பது என்றால் எங்கள் வயதுக்காரருக்கு யுத்த காலத்து ‘வண்டு’, அந்த ஆளில்லா வேவு விமானம், இரைகிற சத்தம்தான் ஞாபகம் வரும். வகுப்பில் அந்தக் கதையை எடுப்பதில்லை.

தொலைநோக்கி என்றதும் பிள்ளைகள் குழாயும் வில்லையும் கீறுவார்கள். காமாவை வில்லையால் குவிக்க ஏலாது. பேர்மியின் பெரிய கருவியில் தங்குதன் என்ற பாரமான உலோகத்தின் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. காமாப் போட்டோன், அதாவது காமாக் கதிரின் ஒரு துணிக்கை, அதில் பட்டால் இலத்திரனும் அதன் நேரேற்ற எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் சோடியாகப் பிறக்கும். அவை சிலிக்கன் பட்டிகளில் விடுகிற தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் வந்த திசை தெரியும். காணாமல்போன மாட்டைக் குளம்படி பார்த்துத் தேடுகிற ஊரில் இதை விளங்கப்படுத்துவது சுகம்.

“ஏன் சேர் தங்குதன்? அலுமினியம் காணாதோ, விலையும் குறைவுதானே?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அணுக்கருவின் மின்புலம் பக்கத்தில் இல்லாமல் போட்டோன் சோடியாக மாறாது, உந்தக் காப்பு விதி விடாது. அந்த வாய்ப்பும் ஏறத்தாழ அணுவெண்ணின் வர்க்கத்தோடு கூடும். தங்குதனுக்கு 74, அலுமினியத்துக்கு 13. அவனே கல்குலேட்டரைத் தட்டினான்.

“அணுவுக்கு அணு 32 மடங்கு, சேர்.”