வேலூர் வெயிலில் ஒரு மான்டிஸ் இறால்

மான்டிஸ் இறால் வளர்க்கிறேன் என்று சொன்னவுடன் எவரும் முதலில் கேட்பது, அது கண்ணாடியை உடைத்துவிடாதா என்பதுதான். அதன் அடியைக் காட்டும் காணொளிகள் அந்த அளவுக்குப் பரவியிருக்கின்றன. அந்த அச்சம் நியாயமானதும்கூட. ஆனால் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருக்கும் வேலூர் போன்ற ஊரில் இந்த உயிரை வளர்ப்பவர் அஞ்ச வேண்டியது அதன் அடிக்கு அல்ல. கத்திரி வெயிலுக்கும், நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும், பொழுது சாய்ந்ததும் நாம் பற்றவைக்கும் கொசுவத்திச் சுருளுக்கும்தான். காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது லிட்டர் தொட்டி ஒன்றில் இதை வளர்த்துவருகிறேன். வாங்கும் ஆசையோடு, அலங்கார மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூருக்குப் பேருந்து ஏற நினைப்பவர்கள், இதை முழுவதும் படித்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் குழம்பு வைக்கும் இறாலுக்கு இது தூரத்து உறவுதான். இறாலும் நண்டும் அடங்கிய ஓட்டுடலிகளுக்குள் ஸ்டொமாட்டோபோடா என்ற தனி வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் 450க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. வேட்டையாடும் முறையைக் கொண்டு அவற்றை இரண்டாகப் பிரிப்பார்கள். முள் வரிசை கொண்ட முன்கால்களால் மீனைக் குத்திப் பிடிப்பவை ஒரு வகை. தமிழகக் கரையோரத்தில் இழுவலையில் மற்ற மீன்களோடு ஏறி வருபவை பெரும்பாலும் இவைதான். முன்காலின் குதிப்பகுதி தடித்து உருண்டிருக்க, அதைக் கொண்டு நத்தை ஓட்டையும் நண்டு ஓட்டையும் அடித்து உடைப்பவை மற்ற வகை. படங்களில் பச்சையும் சிவப்பும் நீலமுமாக மின்னும் பீக்காக் மான்டிஸ் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 18 செ.மீ. வரை வளரக்கூடிய அதற்கு நூற்றைம்பது லிட்டர் தொட்டியாவது வேண்டும். அழகுக்கு மயங்கி அதைச் சிறு தொட்டியில் அடைப்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன். என்னிடம் இருப்பது கோனோடாக்டைலஸ் ஸ்மித்தி என்ற சிறிய இனம். விரலளவு உடல், இலைப்பச்சை நிறம். முன்கால்களை விரித்துக் காட்டும்போது உட்புறத்தில் ஊதா நிறப் பொட்டு ஒன்று தெரியும். கொளத்தூர்க் கடையில் அதைத் தனி டப்பாவில் வைத்திருந்தார்கள். வேறு எதனோடும் அதைச் சேர்த்து வைக்க முடியாது.

அடியின் வலுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஷீலா படேக், ராய் கால்டுவெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீட்டின்படி, பீக்காக் மான்டிஸின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை செல்கிறது. தசையின் வலு மட்டும் இதற்குப் போதாது. காலின் மேற்கணுவில் குதிரைச் சேணம் போல் வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்று வில்லாக இயங்குகிறது. தசை அதை மெதுவாக இழுத்து இறுக்க, கொக்கி போன்ற ஓர் அமைப்பு பிடித்து நிறுத்திவைத்து, ஒரே கணத்தில் விடுவிக்கிறது. அந்த வேகத்தில் காலுக்கும் இரைக்கும் இடையே நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைவதால், இரைக்கு ஒரே வீச்சில் இரண்டு அடிகள் விழுகின்றன. என் தொட்டியில் இருப்பது அதைவிட மிகச் சிறியது. தொட்டி 6 மி.மீ. கண்ணாடியில் செய்தது. பக்கக் கண்ணாடியை அது அவ்வப்போது தட்டிப் பார்க்கும், அவ்வளவே. உண்மையில் கவலைப்பட வேண்டியது தொட்டியின் தளக் கண்ணாடியைப் பற்றி. மணலைத் தோண்டிக்கொண்டே போய், வளையின் தரையை விரிவுபடுத்தும் முயற்சியில் நேராக அதன்மேல் அடிக்கும். அதனால் மணலுக்கு அடியில் முழு அகலத்துக்கும் ஓர் அக்ரிலிக் தகட்டைப் போட்டு, கற்களை அதன்மேல் நிறுத்தியிருக்கிறேன்.

இந்த உயிருக்குத் தொட்டி என்பது அதன் வளைதான். நீந்தித் திரியும் இடம் அதற்குப் பெரிதாகத் தேவையில்லை. உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும் இருண்ட பொந்து ஒன்று கட்டாயம் தேவை. பிளம்பர் கடையில் கிடைக்கும் அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டை எல்போவோடு பொருத்தி மணலில் புதைத்து, அதைச் சுற்றிக் கல்லை அடுக்கினேன். பவளப்பாறைக் கல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றைப் பெயர்த்துக்கொண்டு வருவது குற்றம். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் துளையுள்ள செராமிக் கற்களே, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறப் போதுமானவை. அவை குடியேறி, நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்க ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை இறாலை விடாமல்தான் தொட்டி ஓட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் உயிரை இழப்பது இந்த இடத்தில்தான்.

இனி வெயில். தொட்டி நீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வேலூரிலோ மே மாதத்தில் வெளியே 40ஐத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இரவு பத்து மணிக்கும் தளம் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறையில் இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது. எங்களுடையது கீழ்த்தளம், மேற்குச் சுவரைத் தவிர்த்து, நாள் முழுவதும் வெயில் படாத மூலையில் வைத்திருக்கிறேன். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரத்தில் சூட்டினால் உயிரின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து. நீர்மட்டத்தின்மேல் சாய்வாகக் காற்று படும்படி சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தினால் மண்பானையில் நடப்பதே இங்கும் நடக்கும். ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போக, இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கலாம்தான், ஆனால் தொட்டி, உப்பு, விளக்கு, வடிகட்டி எல்லாவற்றுக்கும் நான் செலவழித்ததைவிட அதன் விலை அதிகம். கத்திரியின் உச்சத்தில் நண்பகலில் மின்சாரம் போய்விட்டால், ஃப்ரீசரில் தயாராக வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுவேன். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் சூட்டுக்குச் சமமான அதிர்ச்சியைத் தரும். காற்று பம்ப்பை இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுத்திருக்கிறேன். வடிகட்டி ஒரு மணி நேரம் நின்றால் சமாளித்துவிடலாம்; காற்று நிற்கக் கூடாது.

விசிறி வைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை குறையும். நாற்பது லிட்டரில் ஐந்து லிட்டர் ஆவியாகிவிட்டால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்புச்செறிவு 40ஐ எட்டிவிடும். எனவே தினமும் காலையில் குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு கலந்த நீர் வாராந்திர மாற்றத்துக்கு மட்டும். அந்த மாற்றத்துக்கு நான்கு லிட்டர் எடுத்து, மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்து, உப்புச்செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பார்த்த பிறகே ஊற்றுகிறேன். சமையல் கல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மெக்னீசியமும் கால்சியமும் அதில் உரிய அளவில் இல்லை.

எந்த நன்னீர் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. சமையலறை ஆர்ஓ நீர் போதும் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் உடலுக்கு நல்லது என்று செம்பைச் சேர்த்துத் தரும் ஆர்ஓ இயந்திரங்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. மனிதருக்குத் தீங்கு செய்யாத அந்தச் சிறு அளவுச் செம்பு ஓட்டுடலிகளுக்கு நஞ்சு. செப்புக்குடத்தில் பிடித்து வைத்த தண்ணீருக்கும், மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்காகக் கடையில் கொடுக்கும் செம்பு கலந்த மருந்துக்கும் இதே விதிதான். செம்பு சேர்க்காத இயந்திரத்திலிருந்து பிடித்து, டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, பிளாஸ்டிக் குடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

கொசுவத்திச் சுருளிலும் திரவக் கொசுவிரட்டியிலும் இருப்பவை பைரித்ராய்டு வகை மருந்துகள்; பூச்சிகளைக் கொல்லும் அவை ஓட்டுடலிகளையும் விட்டுவைப்பதில்லை. தொட்டியின் காற்று பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் செலுத்துகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். எங்கள் கூடத்தில் சன்னல்களுக்கு வலை அடித்துவிட்டு, இரவில் கொசுவலைக்குள் படுக்கிறோம். அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. சுருள் புகை இல்லாமல் அவருடைய இருமல் குறைந்த பிறகு அவரே மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தீனி வாரத்துக்கு மூன்று முறை. மீன் மார்க்கெட்டில் இரண்டே இரண்டு இறால் கேட்டால், “இதுக்கு எதுக்குத் தம்பி காசு, எடுத்துக்கினு போ” என்று அந்த அக்கா கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். கிடைத்தால் மட்டியும் உயிர் நத்தையும் கொடுப்பேன். உடைத்துத் தின்பதற்கு ஓடு இருக்க வேண்டும் என்பது இதன் இயல்பு. வயல் நண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டுவிடக் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயலில் அது எதைத் தின்றிருக்கும் என்று நமக்குத் தெரியாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய ஏரிகளின் நத்தையையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன்.

நத்தையை வளைக்கு முன்னால் இறக்கினால், முதலில் கண்கள் மட்டும் வெளியே வரும். காம்பின்மேல் நிற்கும் அந்தக் கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு பட்டை ஓடுவதால், ஒரே கண்ணில் மூன்று கருவிழிகள் நம்மைப் பார்ப்பது போல் இருக்கும். நமக்கு மூன்று வகை நிற உணர்விகள் இருக்க, இவற்றுக்குப் பன்னிரண்டு வகை இருக்கின்றன. ஆனாலும் நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் இவை நம்மைவிடப் பின்தங்கியவை என்று 2014இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் நேரடியாக அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. கண்ணுக்குப் பின் உணர்கொம்புகள் நீண்டு நத்தையைத் தொட்டுப் பார்க்கும். முன்வாயில் உள்ள சிறு கால்களால் அதைப் பிடித்துத் திருப்பி, ஓட்டின் உதட்டுப்பக்கம் மேலே வரும்படி சாய்த்து வைத்த பிறகுதான் அடி விழும். அடுத்த அறையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். கால் அசைந்ததை மட்டும் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. தின்று முடித்ததும் ஓட்டுத் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வாசலுக்கு வெளியே தள்ளிவிடும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை அது தீனியைத் தொடாமல், கற்களைக் கொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அடியினால் தேய்ந்த குதிப்பகுதியும் அப்போது புதிதாகிவிடும். ஆனால் புது ஓடு இறுகும்வரை அதனால் அடிக்க முடியாது. கால்டுவெல்லும் எல்டிரிட்ஜ் ஆடம்ஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இதற்கு நெருங்கிய இனம் ஒன்று இந்த நிலையிலும் வளை வாசலில் முன்கால்களை விரித்து எதிரியை மிரட்டுவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அத்தகைய நாட்களில் கல்லை நகர்த்திப் பார்ப்பதோ, விளக்கைப் பிரகாசமாக எரியவிடுவதோ கூடாது. செத்துவிட்டதோ என்று குழாயை எடுத்து உதறிப் பார்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அம்மோனியாவை மட்டும் அளந்து பாருங்கள். அது ஏறவில்லை என்றால் உயிர் நலமாக இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்கலாம். வழக்கமாக ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்.

ஊருக்குப் போவதற்கும் இதே போன்ற கணக்குதான். பொங்கலுக்கு ஒரு வாரம் போனால் பட்டினி அதைப் பாதிக்காது. அந்த மாதங்களில் ஆவியாவதும் குறைவு. இரவுக் குளிருக்காகப் பொருத்தும் சிறிய ஹீட்டரை அடிக்கு எட்டாதபடி வடிகட்டியின் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன். கோடை விடுமுறையில் அப்படி விட்டுச்செல்ல முடியாது. தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு மார்க்கரில் கோடு போட்டு, நன்னீர்க் குடத்தை அருகில் வைத்து, அந்தக் கோடு வரை தினமும் ஊற்றுவதையும் விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பதையும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒப்படைத்திருக்கிறேன். தீனி போடும் வேலையை வேண்டுமென்றே அவரிடம் கொடுக்கவில்லை.