லிஸ்பனில் போர்த்துக்கீசியம் கற்றல்: காதுக்கென வைத்த குறிப்பேடு

போர்த்துக்கீசியத்தை நான் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கற்கத் தொடங்கினேன். படிப்பும் வேலையும் ஆங்கிலத்திலேயே நடந்துவந்த ஒருவர் நடுவயதில் இம்மொழியைத் தேடிப் போனால், அவர் கைக்கு எட்டும் பாடநூல்கள், கைபேசிச் செயலிகள், இணைய வகுப்புகள் எல்லாமே ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருக்கும். அந்த வழி எதுவரை கொண்டுசென்றது, எந்த இடத்தில் நின்றது, அங்கிருந்து நான் எப்படி நகர்ந்தேன் என்பதை, இதே முயற்சியில் இறங்கும் தமிழருக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஆங்கிலம் தந்த முதல் உதவி சொல்வளம். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் உடன்பிறப்புகள் போர்த்துக்கீசியத்தில் சிறு மாற்றத்துடன் நிற்கின்றன. 'இன்ஃபர்மேஷன்' அங்கே 'இன்ஃபுர்மஸாவ்', 'யூனிவர்சிட்டி' அங்கே 'உனிவர்ஸிதாத்'. ஈறுகள் மாறும் முறை பிடிபட்டவுடன் நாளிதழின் அரசியல், பொருளாதாரச் செய்திகளைப் பொருள் புரிந்து வாசிக்க முடிந்தது. வியக்கத்தக்க வகையில், சமையலறைச் சொற்களும் கடைத்தெருச் சொற்களும்தான் கடினமாக இருந்தன. ஏனென்றால் அன்றாடப் பொருள்களுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானிய வேர் கொண்டவை.

வாசிப்பு இவ்வளவு எளிதாக வந்ததே என்னை நீண்ட காலம் தேக்கி வைத்தது. நாளிதழை வாசிக்க முடிந்த எனக்கு, லிஸ்பன் பேக்கரியில் எதிரே நிற்பவர் சொல்லும் ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. போர்த்துக்கீசியமே பேசும் பிரேசிலில் இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். போர்ச்சுகலின் மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டியது. ஆகவே கற்பிக்கும் சாதனங்களில் பெரும்பகுதி பிரேசில் வழக்கையே பின்பற்றுகிறது. ரயிலுக்கு அங்கே ஒரு சொல், இங்கே 'கொம்பொயு'. பேருந்துக்கு அங்கே ஒன்று, இங்கே 'அவுத்தொகாரு'. இந்தச் சொல் வேறுபாடுகளைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். இரண்டாவது காரணம் ஒலி பற்றியது. அதுதான் உண்மையான தடை.

பிரேசிலியர் உயிரொலிகளைத் திறந்து ஒலிக்கிறார்கள். போர்ச்சுகலிலோ அழுத்தம் பெறாத உயிர்கள் சுருங்கிவிடுகின்றன. சில இடங்களில் மறைந்தே போகின்றன. எழுத்தில் 'பெகெனொ' என்று இருக்கும் சொல் 'ப்கேனு' என்று வரும். மன்னிக்கச் சொல்லும் 'தெஸ்குல்பெ' என்ற சொல் 'த்ஷ்குல்ப்' என்று ஒலிக்கும். லிஸ்பன் மெட்ரோவில் அடுத்த நிலையத்தை அறிவிக்கும் இரண்டு சொற்களும் 'ப்ராஸிமஷ்தஸாவ்' என்று ஒரே மூச்சில் வருவதால், இரண்டாவது சொல்லின் முதலெழுத்து எழுத்தில் மட்டுமே மிஞ்சுகிறது. எழுத்து வடிவத்தையே மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு, கேட்கும் ஒலியில் அந்தச் சொல்லை அடையாளம் காண வழியில்லை.

இந்தத் தடையைத் தாண்டுவதற்காக ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன். இரவு எட்டு மணிக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிபி-யில் 'தெலெஜுர்னால்' என்ற செய்தி ஒளிபரப்பாகிறது. அதை இணையத்தில் மறுபடியும் பார்க்கலாம், பின்னோக்கிச் செலுத்தலாம். அதிலிருந்து ஓரிரு வாக்கியங்களை எடுத்துக்கொள்வேன். என் காதில் விழுந்ததை, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், இடப்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதுவேன். அதன் பிறகே அச்செய்தியின் எழுத்து வடிவத்தைத் தேடி வலப்பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிடுவேன். ரோமன் எழுத்தில் எழுதினால் கை தானாகவே சொல்லின் எழுத்துக்கூட்டலுக்குச் சென்றுவிடும். தமிழ் எழுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேட்டதை மட்டுமே அது எழுதும். நம் எழுத்தில் ப, த, க ஆகியவற்றின் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் வேறு வடிவம் இல்லாததால், மெல்லியவற்றின் அடியில் கோடிட்டேன். மூக்கொலி வரும் உயிருக்கு மேலே அலைக்கோடு போட்டேன். போர்த்துக்கீசியரே அதற்குப் பயன்படுத்தும் குறி அது.

(இந்த இரு மொழிகளையும் ஒன்றின் எழுத்தில் மற்றொன்றாக எழுதும் வேலை இதே நகரத்தில் முன்பே நடந்திருக்கிறது. 1554-இல் லிஸ்பனில் அச்சான ஒரு கிறித்தவ மறைக்கல்வி நூலில் தமிழ் ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியத்துடன் சேர்த்து அச்சிடப்பட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படியும் இங்குள்ள தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. வளர்ந்த வயதில் பிறமொழியைக் காதால் கேட்டுத் தம் எழுத்தில் குறித்துக்கொண்ட அவரை நினைக்கும்போது, இந்தக் குறிப்பேட்டின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டாகிறது.)

தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கிய பிறகே, ஆங்கிலவழிப் பாடநூல்கள் 'கடினமான ஒலிகள்' என்று பட்டியலிட்டவற்றில் பலவற்றை நான் பிறந்ததிலிருந்து ஒலித்துவருகிறேன் என்பது விளங்கியது. பால், இரவு ஆகியவற்றைக் குறிக்கும் 'லெய்த்', 'நொய்த்' என்ற சொற்களின் இறுதியில் எழுதப்படும் உயிர், கேட்டும் கேளாமலும் நிற்கிறது. 'பாக்கு', 'எட்டு' என்னும் சொற்களின் இறுதி உகரம் தன் அளவில் குறுகி அரை மாத்திரையாவதைப் பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அந்தக் குறுக்கத்துக்கு இது மிக நெருங்கியது. அழுத்தம் பெறாத உயிர் என்றால் குற்றியலுகரம் போல நாவை வைக்க வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டதும், என் பேச்சைக் கேட்பவர்கள் திரும்பக் கேட்பது வெகுவாகக் குறைந்தது.

மூக்குயிர்களும் அப்படியே. 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது இறுதி மகரத்தை உதட்டால் மூடாமல், உயிரையே மூக்கின் வழியாக விடுகிறோம். நல்லது என்ற பொருள் கொண்ட 'பொம்' என்ற சொல்லும் அதே வகையில் முடிகிறது. ஆங்கிலம் பேசுவோர் இங்கே ஒரு மெய்யைச் சேர்த்துவிடுவார்கள், அல்லது மூக்கொலியையே விட்டுவிடுவார்கள். ரொட்டியைக் குறிக்கும் 'பாவ்' என்ற சொல்லில் மூக்கொலியை விட்டால் அது தடியைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ஞகரத்துக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. சொற்கள் சேருமிடத்தில் ஈற்றொலி திரிவதும் புணர்ச்சி படித்த நமக்குப் புதிதன்று: தனியே நின்றால் 'உஷ்' என ஒலிக்கும் சொல், உயிர் முதலாகும் சொல்லோடு சேர்ந்தால் 'உஸமீகுஷ்' என்று மாறுகிறது. தொண்டையில் உரசிப் பிறக்கும் இரட்டை ரகரத்தை மட்டும் தனியே பழக வேண்டியிருந்தது.

வினைச்சொற்களிலும் இதையே கண்டேன். 'ஃபாலு', 'ஃபாலஷ்', 'ஃபலாமுஷ்' என்ற வடிவங்களில் பேசுபவர் யார் என்பதை ஈறே காட்டிவிடுகிறது. 'பேசுகிறேன்' என்று சொன்னபின் 'நான்' தேவைப்படாதது போல, இங்கும் எழுவாயைச் சொல்லாமல் விடுவதே இயல்பு. ஆங்கிலவழிப் பயிற்சிகளோ ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுவாயுடன் தொடங்கப் பழக்குகின்றன. விளிப்பிலும் தமிழ் துணை நின்றது. போர்ச்சுகலில் நண்பரையும் குடும்பத்தாரையும் ஒரு சொல்லாலும், மதிப்புக்குரியவரை 'உ ஸ்ஞோர்', 'அ ஸ்ஞோரா' என்றும் அழைக்கிறார்கள். பல பாடநூல்கள் பொதுவாகக் கற்பிக்கும் 'வொஸே' என்ற சொல் இங்கே சிலர் காதுக்கு மரியாதைக் குறைவாகப் படும். எதிரில் இருக்கும் பாட்டியிடமே 'பாட்டிக்குக் காபி வேணுமா?' என்று படர்க்கையில் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே அமைப்பில் இங்கும் பாட்டியிடம் கேட்கிறார்கள். சுட்டுப்பெயரே இல்லாமல் படர்க்கை வினையை மட்டும் பயன்படுத்துவது அறிமுகமற்றவரிடம் மிகப் பாதுகாப்பானது என்பது என் அனுபவம்.

ஆங்கிலமும் தமிழும் கைவிட்ட இடங்களும் உண்டு. பெயர்ச்சொற்களின் பால் பாகுபாட்டை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 'ஸாவ்' என முடியும் கருத்துப்பெயர்கள் பெண்பால், 'மா' என முடியும் கிரேக்க வேர்ச்சொற்கள் ஆண்பால் என்பன போன்ற சில விதிகள் சுமையைக் குறைக்கின்றன. 'சேர்ந்ததும்', 'முடிந்தால்' போன்ற இடங்களில் வரும் எதிர்கால ஐய வினைவடிவம் பாடநூல்களில் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் தெருவில் அது நாள்தோறும் காதில் விழுகிறது. இதற்கு ஒரு நேர்வழி உண்டு: இறந்தகாலப் பன்மைப் படர்க்கை வடிவத்தின் ஈற்றை நீக்கினால் போதும். 'புதேராவ்' என்பதிலிருந்து 'புதேர்', 'ஃபிஸேராவ்' என்பதிலிருந்து 'ஃபிஸேர்', 'ஃபோராவ்' என்பதிலிருந்து 'ஃபோர்'. இதைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும்படி எவருக்கும் சொல்வேன். 'ஷாமு-ம' (என் பெயர்) என்பதில் வினைக்குப் பின் ஒட்டும் 'ம' என்ற சொல், எதிர்மறை வந்தவுடன் 'நாவ் ம ஷாமு' என வினைக்கு முன் நகர்வதையும் விதியாகப் படித்ததைவிட, குறிப்பேட்டின் வாக்கியங்களை உரக்க வாசித்தே பழகினேன்.

லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்லே மையம் நடத்தும் 'சிப்லே' என்ற போர்த்துக்கீசிய மொழித் தேர்வு ஏ2 எனப்படும் தொடக்க நிலைக்குரியது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 45 விழுக்காடு, கேட்டல் 30, பேச்சு 25. தேர்ச்சிக்கு 55 வேண்டும். இந்தப் பங்கீட்டைப் பார்க்கும் ஆங்கிலவழி மாணவர்கள் வாசிப்பை நம்பி இருந்துவிடலாம் என்று எண்ணக்கூடும். அப்படித் தேர்ச்சி பெற்றாலும், ஊரில் வாழ்வதற்கு அது போதாது. கேட்டலுக்கென நான் செலவிட்ட மாலைகள்தாம் பேச்சுத் தேர்வில் எதிரே இருந்தவரின் கேள்விகளை முதல் முறையிலேயே பிடிக்க வைத்தன.

இப்போது வானொலிச் செய்தியும் உரையாடல் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் புரிகின்றன. பலர் ஒரே நேரத்தில் பேசும் உணவு மேசை இன்னும் கடினம். தொலைபேசி அதைவிடக் கடினம், வாயசைவு தெரியாததால். அடுத்ததாக வடக்கு மாவட்டங்களின் பேச்சை எடுத்திருக்கிறேன். போர்த்தோ, பிராகா பக்கங்களில் முதியோர் பலர் வகரத்தைப் பகரமாக ஒலிப்பதால், லிஸ்பனில் 'வீஞு' என்று கேட்டுப் பழகிய திராட்சை மது அங்கே 'பீஞு' ஆகிறது. குறிப்பேட்டில் மெல்லிய பகரத்துக்கு இட்டுவந்த அடிக்கோடு, வகரத்திலிருந்து வந்ததா இயல்பானதா என்று காட்ட இரண்டு நிறங்கள் தேவைப்படுகின்றன. அவ்வட்டாரப் பதிவுகளுக்கென்று தனிப் பகுதி ஒன்றைப் பிரித்து, சிவப்பு மையில் தொடங்கியிருக்கிறேன்.