மிஸ் ஜமைக்காவும் நிறக் கணக்கும்

1955ல் ஜமைக்காவில் ஒரு அழகிப் போட்டி நடந்தது, அதில் பட்டம் ஒன்றல்ல, பத்து. தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய் முந்நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாடிக்கொண்டிருந்த வருடம் அது. ஸ்டார் என்ற நாளிதழ் நடத்திய அந்தப் போட்டிக்கு 'பத்து வகை, ஒரே மக்கள்' என்று தலைப்பு. பெண்களைத் தோல் நிறத்தையும் வம்சாவளியையும் பார்த்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் மரம், பூ, பழம் என்று ஏதாவது ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். நல்ல கறுப்பு என்றால் மிஸ் எபனி. கோகோ நிறம் என்றால் மிஸ் மகோகனி. பால் கலந்த காபி நிறம் மிஸ் சாட்டின்வுட். ஐரோப்பிய வம்சத்துப் பெண் மிஸ் ஆப்பிள் பிளாசம், சீன வம்சம் மிஸ் லோட்டஸ், இந்திய வம்சம் மிஸ் சாண்டல்வுட், இந்திய ரத்தம் கொஞ்சம் கலந்திருந்தால் மிஸ் ஆல்ஸ்பைஸ். நிஜமாகவே இப்படித்தான் நடந்தது.

இதைப் படிக்கிற சிலர், அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு முற்போக்கு, ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் ஒரு கிரீடம் கொடுத்திருக்கிறார்களே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்கிற நாட்டில் கறுப்புப் பெண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிவிட்டு, அதைச் சமத்துவம் என்று சொல்வது நல்ல சாமர்த்தியம். வெள்ளைத் தோலும் கறுப்புத் தோலும் ஒரே மேடையில் நின்று, நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஏழு ஆண்டு கழித்து, 1962 ஆகஸ்ட் 6ல் சுதந்திரம் வந்தபோது 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்பது தேசிய முழக்கமானது. அந்தப் போட்டித் தலைப்பின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

சங்கடம் அதற்கும் முந்தையது. 1930களின் தொடக்கத்திலேயே ஊனா மார்சன் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஜமைக்காக் கவிஞர், பத்திரிகையாளர், சொந்தமாகப் பத்திரிகை நடத்திய பெண், பின்னாளில் லண்டனில் பிபிசி வானொலியில் கரீபியன் எழுத்தாளர்களுக்காக நிகழ்ச்சி நடத்தியவர். அவர் சொன்னதன் சாரம் இது: ரொம்பக் கறுப்பான பெண்களைக் கணக்கிலேயே எடுக்க மாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிட்டால், வருடா வருடம் நம்பி வந்து நிற்கிற பெண்களுக்குச் செலவும் மிச்சம், ஏமாற்றமும் மிச்சம். இவ்வளவு அமைதியாகக் குத்துகிற எழுத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொண்ணூறு ஆண்டு ஆகிறது, இன்னும் யாராவது அந்தக் கருத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சரி, சுதந்திரத்துக்குப் பிறகு வருவோம். 1963ல் கேரோல் ஜோன் க்ராஃபர்ட் லண்டனில் உலக அழகிப் பட்டம் வென்றார். கரீபியன் தீவுகளுக்கு முதல் பட்டம், ஐந்தடி மூன்று அங்குலம்தான் உயரம். நாடு பிறந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்த நேரத்தில் உலகமே பெயரைச் சொல்கிறது என்றால் அந்த உற்சாகத்தைக் கேட்கவா வேண்டும், 1964ல் அரசாங்கம் அவர் படம் போட்டுத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் க்ராஃபர்ட் கலப்பு வம்சம், வெளிர் மாநிறம். ஏழு ஆண்டு கழித்துப் இன்னொரு கரீபியன் தீவான கிரெனடாவின் ஜெனிஃபர் ஹாஸ்டன் வென்றபோது 'முதல் கறுப்பின உலக அழகி' என்று அவரைத்தான் பலர் எழுதினார்கள். அப்படியானால் க்ராஃபர்ட் யார்? அவரவர் நாட்டுக் கண்ணுக்கு ஏற்ப அவரவர் ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

அதே 1963ன் ஏப்ரலில்தான் மாண்டேகோ பே நகர் அருகே கோரல் கார்டன்ஸ் சம்பவம் நடந்தது. ஒரு கலவரத்தைக் காரணம் காட்டிப் போலீஸ், சடைமுடி வளர்ப்பதைச் சமய வழக்கமாகக் கொண்ட ஜமைக்கா மதக் குழுவினரான ராஸ்தஃபாரியர்களைக் கண்ட இடத்தில் பிடித்து அடித்தது, சடைமுடியை வெட்டியது. தீவின் அழகு எது, அசிங்கம் எது என்று அந்த ஒரே வருடத்தில் அரசாங்கம் இரண்டு விதமாகப் பதில் சொன்ன மாதிரி இருக்கும், சேர்த்துப் பார்த்தால். இந்த முடி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1960களின் கடைசியில் கறுப்பின மக்களின் உரிமையும் பெருமையும் பேசிய கறுப்பு அதிகார இயக்கம் (பிளாக் பவர்) தலைநகர் கிங்ஸ்டன் தெருக்களுக்கு வந்தபோது மிஸ் ஜமைக்கா என்ற தேசிய அழகிப் போட்டி நல்ல இலக்காகிப் போனதில் ஆச்சரியமில்லை. வருடா வருடம் வெளிர் மாநிறம், வருடா வருடம் நேரான முடி. 1972ல் மைக்கேல் மேன்லி பிரதமரான பிறகு அரசாங்கம் ஆதரவிலிருந்து விலகிக்கொண்டது. மேன்லியின் சோஷலிசத்துக்கும் நீச்சலுடை அணிவகுப்புக்கும் ஒத்துப்போகாதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அரசு கைகழுவிய காலத்தில்தான் இரண்டாவது உலக அழகிப் பட்டம் வந்தது. 1976ல் சிண்டி ப்ரேக்ஸ்பியர் அரசின் ஆசி இல்லாமலேயே லண்டன் போனார். தென்னாப்பிரிக்கா வெள்ளையருக்கு ஒருவர், கறுப்பினத்தவருக்கு ஒருவர் என்று இரண்டு போட்டியாளர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, அதை எதிர்த்து இந்தியா உட்பட சில நாடுகள் அந்த ஆண்டு விலகின. சிண்டி விலகவில்லை, ஜெயித்தார். அவர் அப்போது ரெகே பாடகர் பாப் மார்லியின் காதலி என்பதால் உலகப் பத்திரிகைகளுக்கு நிறவெறியெல்லாம் மறந்துபோய் இந்தக் காதல்தான் செய்தியானது. நவம்பரில் கிரீடம், டிசம்பர் 3ல் கிங்ஸ்டன் ஹோப் ரோடு வீட்டில் மார்லி மீது துப்பாக்கிச் சூடு. இரண்டு வாரத்தில் ஒரு வாழ்க்கை இவ்வளவு திரும்புமா என்று இருக்கும். அவர்கள் மகன் டேமியன் 1978ல் பிறந்தார், அவரும் பெரிய பாடகரானார்.

மூன்றாவது பட்டம் 1993ல் லிசா ஹேனாவுக்கு. போட்டி நடந்த இடம் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி. எந்த நாட்டின் நிறவெறியால் பதினேழு வருடம் முன்பு போட்டியே புறக்கணிக்கப்பட்டதோ, அதே மண்ணில், அங்கே எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு. ஹேனாவுக்கு அப்போது பதினெட்டு வயது. 2007ல் நாடாளுமன்றம் போனார், 2012ல் இளைஞர் மற்றும் கலாசார அமைச்சரானார், அதுவும் மேன்லியின் அதே மக்கள் தேசியக் கட்சியில். அழகிப் போட்டியிலிருந்து ஒதுங்கிய கட்சி ஒரு உலக அழகியைக் கலாசார அமைச்சராக்கிவிட்டது.

கலாசார அமைச்சகத்தின் கீழ் வேறொரு போட்டியும் இருக்கிறது. ஃபெஸ்டிவல் குயீன் என்று பெயர். மாவட்டம் மாதிரியான பாரிஷ் பாரிஷாகத் தேர்வு நடத்தி, பாரிஷ்களின் ராணிகள் எல்லாரும் சுதந்திர தின விழாவை ஒட்டி மோதுவார்கள். பேச்சு, கலை, நாட்டு வரலாறு, பொது அறிவு இதெல்லாம் பார்ப்பார்கள், நீச்சலுடை கிடையாது. என்னைக் கேட்டால் உண்மையான தேசியப் போட்டி இதுதான், ஆனால் இதில் வென்றவரை யாரும் உலக மேடைக்கு அனுப்புவதில்லை, வெளிநாட்டுப் பத்திரிகைகள் கண்டுகொள்வதும் இல்லை.

2019ல் டோனி-ஆன் சிங் நான்காவது பட்டத்தைக் கொண்டுவந்தார். மொரன்ட் பேயில் பிறந்தவர், அப்பா இந்திய வம்சாவளி, அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி. 1845ல் ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்தியர்கள் ஓல்ட் ஹார்பர் பேயில் வந்து இறங்கியதிலிருந்து தொடங்கும் கதையின் ஒரு கிளை. 1955 போட்டியில் நின்றிருந்தால் இவரை மிஸ் ஆல்ஸ்பைஸ் பிரிவில் நிறுத்தியிருப்பார்கள், மிஸ் எபனியோடு மோத விட்டிருக்க மாட்டார்கள். கொரோனாவால் போட்டி தள்ளிப்போக, 2022 மார்ச் வரை கிரீடம் அவரிடமே இருந்தது, வேறு எந்த உலக அழகியும் இவ்வளவு நாள் ஆண்டதில்லை.

இப்போது முடி. உலக அழகிக்கு ஒரு அமைப்பும் பிரபஞ்ச அழகிக்கு இன்னொரு அமைப்பும் தனித்தனியாக ஆள் தேர்ந்தெடுக்கிற நிலையில், பிரபஞ்ச அழகிப் பக்கத்தில்தான் நிஜமான மாற்றம் நடந்தது என்பது என் கணக்கு. 2007ல் ஜாரா ரெட்வுட் இடுப்பு நோக்கி இறங்கும் சடைமுடியோடு தேசியப் பட்டம் வென்று மெக்சிகோ சிட்டி போனார். ஜமைக்காவின் பட்டத்தை வென்ற முதல் ராஸ்தஃபாரியப் பெண் அவர்தான். கோரல் கார்டன்ஸுக்கு நாற்பத்து நான்கு வருடம் கழித்து. அந்தச் சம்பவத்துக்கு ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2017 ஆனது, ஆக அழகிப் போட்டி அரசாங்கத்தைப் பத்து வருடம் முந்திக்கொண்டது.

அப்புறம் குட்டை முடியோடு கேசி ஃபெனல், 2014ம் ஆண்டுப் போட்டியில். முதல் ஐந்து பேரில் ஐந்தாவது இடம் என்று அறிவித்ததும் அரங்கமே கூச்சல் போட்டது. 2017ல் டவீனா பென்னட் தன் ஆஃப்ரோவை நேராக்காமல், கட்டாமல், அப்படியே விரித்துக்கொண்டு லாஸ் வேகாஸ் மேடையில் மூன்றாவது இடம் வரை வந்தார். வென்றவர் பெயரைவிட அவர் முடிதான் அன்று இணையம் முழுக்கச் சுற்றியது. ஜமைக்கா இன்றுவரை பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்றதே இல்லை, 2010ல் யெண்டி ஃபிலிப்ஸ் இரண்டாவதாக வந்ததுதான் அதிகபட்சம். உலக அழகி நாலு முறை, பிரபஞ்ச அழகி பூஜ்யம். இருந்தாலும், வென்ற நால்வர் செய்யாத ஒன்றை இந்தத் தோற்ற பெண்கள் செய்திருக்கிறார்கள் என்றே நான் சொல்வேன். இதில் சண்டை போட வருகிற ஜமைக்கா ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு, வரட்டும்.